முதுகு ராவிய சாவி

பகல் பன்னிரண்டே முக்காலுக்குப் பஸ். பத்து மணிக்கே சின்னவன் பையைக் கட்டி முடித்துவிட்டான். கட்டுவதற்குப் பெரிதாக என்ன இருக்கிறது, நாலு சட்டை, இரண்டு கால்சட்டை, ஒரு போர்வை. அதையே மூன்று முறை பிரித்துப் பிரித்து மடித்தான். அப்படி மடித்துக்கொண்டே இருந்தால் அம்மா அறை வாசலில் வந்து நின்று ஒரு வார்த்தை கேட்டுவிட மாட்டாளா என்றுதான். என்ன வார்த்தையாக இருந்தாலும் சரி. நாசமாய்ப் போ என்றாலும் சரி. அம்மா வரவில்லை. சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அம்மா அவனோடு பேசி இரண்டு மாதம் ஆகிறது. அப்பா செத்தும் இரண்டு மாதம்.

அவர்கள் சாவிக்காரர் குடும்பம். கடைத்தெரு முனையில், மருந்துக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவே, இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய கடை. அதற்குள்ளேதான் அப்பா, பெரியவன், சின்னவன் மூன்று பேரும் முழங்கையால் இடித்துக்கொண்டு பிழைப்பு நடத்தினார்கள். சின்னவனுக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஆரம்பித்தால் சாயங்காலம் இறக்கும்வரை ஓயமாட்டான். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் செய்தி, வானிலை, அரட்டை. "ஊருக்கெல்லாம் பூட்டு விக்கிறோம், இவன் வாய்க்குச் சரியா ஒண்ணு அமைய மாட்டேங்குதே" என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொண்டே சிரிப்பார்.

அப்பாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மெஷினில் சாவி வெட்டுவது யாரும் செய்கிற காரியம். வெட்டியதும் பல்லில் பிசிறு நிற்கும், அதை அரத்தால் ராவிக் கொடுப்பார்கள். மற்ற கடைகளில் அத்தோடு சரி. இவர்கள் கடையில் சாவியின் முதுகையும் ராவ வேண்டும். பல்லே இல்லாத மொட்டைப் பக்கத்துக்கு அரம் எதற்கு என்று கேட்டால், "பாக்கெட்டைக் கிழிக்கும்" என்பார். "வாங்கிட்டுப் போறவன் நாளைக்கு ஊசி நூலைத் தேடிக்கிட்டு நம்மளைத் திட்டக் கூடாது." வேலையற்ற வேலை என்று பெரியவன் முணுமுணுப்பான். முணுமுணுத்துக்கொண்டே ராவுவான். அவன் அரத்தைச் சாய்த்துப் பிடிப்பவன், கோடு குறுக்காக விழும். சின்னவன் கோடு நேராக ஓடும். ஒரே அரம்தான், கற்றுக்கொடுத்ததும் ஒரே ஆள்தான், ஆனால் கையெழுத்து மாதிரி ஆளுக்கு ஒன்று அமைந்துவிட்டது.

அந்த வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் வீட்டில் மூன்று நாளைக்கு முன்னால் திருட்டு. பூட்டை உடைக்காமல் திறந்துகொண்டு உள்ளே போய், பீரோவைத் துடைத்து எடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். செடிக்கடியில் ஒரு சாவி கிடைத்தது. அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு இன்ஸ்பெக்டர் கடை கடையாக ஏறி இறங்கினார். இவர்கள் மேல் அவருக்குச் சந்தேகம் ஒன்றும் கிடையாது. விவரம் தெரிந்தவர்களாயிற்றே, கேட்டுப் பார்க்கலாம் என்று வந்தார்.

அப்பா எதிர்க்கடையில் டீ குடிக்கப் போயிருந்தார். பெரியவன் யார் வீட்டிலோ மாட்டிக்கொண்ட கதவைத் திறக்கப் போயிருந்தான். கடையில் ரேடியோ மட்டும்.

"இது எந்தக் கடைல வெட்டினதுன்னு பாத்துச் சொல்ல முடியுமாப்பா?"

சின்னவன் உறையோடு வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். முதுகு மழமழவென்றிருந்தது. அவனுக்குச் சந்தோஷம் பொறுக்கவில்லை. ஆமாம், சந்தோஷம்தான். மூன்று நாளாக ஒரு கடைக்காரனாலும் சொல்ல முடியாததை அவன் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டானே.

"நம்ம கடைதான் சார்! இதோ பாருங்க, முதுகை ராவியிருக்கு. இந்த ஊர்ல வேற எவன் சார் முதுகை ராவுறான்? மத்தவங்க பல்லை ரெண்டு இழு இழுத்துக் கையில கொடுத்துடுவாங்க. எங்கப்பா இருக்காரே..."

அதற்குப் பிறகுதான் கோட்டைப் பார்த்தான். குறுக்குக் கோடு. வாய் முந்திக்கொண்டுவிட்டது, கண் ஆற அமரப் பின்னால் வந்தது.

"அந்தம்மா டூப்ளிகேட்டே போடலைன்னு சொல்றாங்களே" என்றார் இன்ஸ்பெக்டர். குரல் மாறியிருந்தது. "பூட்டு ரிப்பேருக்குன்னு ஒரு தடவை இங்க கொடுத்தாங்களாம். அவ்வளவுதானாம்."

பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சின்னவனிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அதற்குள் அப்பா டீ கிளாஸோடு தெருவைத் தாண்டி வந்துவிட்டார். உறையை வாங்கி ஒரு பார்வை பார்த்தார். பிறகு சின்னவன் முகத்தைப் பார்த்தார்.

"நான் வெட்டினதுதான் சார்" என்றார்.

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல. நானேதான்."

டீ கிளாஸை மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, தானாகவே ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்.

எவனோ ஒரு கூட்டாளி கேட்டானாம், ஒரு சாவிதானே என்று பெரியவன் வெட்டிக் கொடுத்தானாம். அந்தக் கூட்டாளி அன்றைக்கே ஊரைக் காலி செய்துவிட்டான். பெரியவன் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு குப்புறப் படுத்தவன்தான். அவன் மனைவிக்கு அப்போது நாலு மாதம்.

மறுநாள் ஸ்டேஷனில் அப்பாவைப் பார்க்கச் சின்னவனை விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் சின்னதாகத் தெரிந்தார்.

"யார் கைன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இத்தோட விடு. உங்கம்மா காதுக்குப் போகக் கூடாது."

"நான் வேணும்னு சொல்லலப்பா. தெரியாம வாய்ல வந்துடுச்சுப்பா."

"தெரிஞ்சுதான் சொன்னே. வேலையைப் பாத்த உடனே சொல்லிட்டே பாரு, சரியாத்தான் சொன்னே." அவர் கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தார். அந்தச் சிரிப்பைத்தான் சின்னவனால் இன்றுவரை தாங்க முடியவில்லை. ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் தேவலை.

ஒன்பதாம் நாள் ஜெயிலில் அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது அம்மா அழவில்லை. சின்னவன் பக்கம் திரும்பி, "உன் வாயால போனாரு" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் பக்கம் திரும்பவே இல்லை. தட்டை வைப்பாள், போவாள். "நல்லா இருக்கியா" வேண்டாம், "செத்தியா" என்றாவது கேட்கலாமே.

ஊர் பேசியது, பேசத்தானே செய்யும். ஆனால் பேச்சைவிட மோசமானது ஒன்று நடந்தது. அப்பாவை எடுத்துக்கொண்டு போன மறுநாள் காலை, தெருவில் துளை போடும் மெஷின் சத்தம் கேட்டது. முதலில் எதிர்வீடு, பிறகு பக்கத்து வீடு, பிறகு அந்த வரிசை முழுக்க. எல்லோரும் பூட்டு மாற்றினார்கள். சாவியைத் தொலைத்துவிட்டு நடுத்தெருவில் நின்றபோதெல்லாம் அப்பாவைக் கூப்பிட்டு, ஒரு டீயோடு அனுப்பியவர்கள். வேறு ஊரிலிருந்து ஆள் வரவழைத்து மாற்றினார்கள். மூன்று நாள் அந்தச் சத்தம் ஓயவில்லை. அம்மா சமையலறை ஜன்னலைக்கூடச் சாத்தாமல் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள்.

இந்த இரண்டு மாதத்தில் சின்னவனுக்கு ஒரே போராட்டம்தான். ஒரு வாக்கியம். "அம்மா, அது அண்ணன் வெட்டின சாவி." சொன்னால் அம்மா அவனைத் திரும்பிப் பார்ப்பாள். ஒருவேளை கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவாள். ஆனால் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் காற்றில் விட்டதாகிவிடும். மென்று மென்று விழுங்கினான். உடம்பு பாதியாயிற்று. இதற்கு மேல் இந்த வீட்டில் இருந்தால் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கத்திவிடுவோம் என்று பயம் வந்தது. தூரத்து நகரத்தில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை கிடைத்தது. பூட்டும் சாவியும் இல்லாத எந்த வேலையாக இருந்தாலும் அவனுக்குச் சரி.

பதினொன்றரைக்குப் பெரியவன் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்தான். அறை வாசலில் நின்றான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"போறது நானா இருக்கணும்டா" என்றான்.

"அப்ப போய் அம்மாகிட்ட சொல்லு."

"சொல்றேன்டா. சத்தியமா சொல்றேன். குழந்தை பொறக்கட்டும்."

முதலில் காரியம் முடியட்டும் என்றான், பிறகு மாதம் திரும்பட்டும் என்றான், இப்போது குழந்தை பிறக்கட்டும். சின்னவனுக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. அடுத்த அறையில் அண்ணி இருமினாள். கையை இறக்கிக்கொண்டான்.

பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனான். முடிவு செய்துவிட்டான், சொல்லிவிடுவது என்று. அப்பா மன்னிக்கட்டும். அவர் செத்துப்போனவர், அவருக்கு என்ன. இவன் அல்லவா உயிரோடு இருந்து தொலைக்க வேண்டும்.

அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியருகே நின்றாள். ஏற்கெனவே தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் கிளம்பறேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அந்தச் சாவி..."

"தெரியும்."

அவன் நின்றுவிட்டான்.

அம்மா குழாயை மூடினாள். திரும்பவில்லை. "ரெண்டு வருஷமா உங்கப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது நான். கட்டை விரல் மடங்காது மனுஷனுக்கு. அந்தக் கையால அரத்தைப் பிடிச்சாராம், ராவினாராம். ஊரு நம்பலாம். நானுமாடா நம்பணும்?"

அப்பா அரத்தைத் தொட்டே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வெளியே தெரிந்தால் கடைக்கு ஒருத்தன் வரமாட்டான் என்று அவர் பங்கையும் பிள்ளைகள் இருவரும் ராவினார்கள். அவர் ராவுவதில்லை என்பது அம்மாவுக்கும் தெரியாது என்று மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், புத்திசாலிகள்.

"அப்ப நீ செஞ்சியா இல்ல அவன் செஞ்சானான்னு ரெண்டு ராத்திரி யோசிச்சேன். நீயா இருந்தா அன்னிக்கே உளறியிருப்பே."

"அப்புறம் ஏம்மா என்கூடப் பேசல?" அவன் ஒரு அடி முன்னால் வந்தான். "என்னால செத்தார்னு சொன்னியேம்மா."

"அன்னிக்குச் சொன்னது வயித்தெரிச்சல். அப்புறம் பேசாம இருந்தது வேற." அம்மா திரும்பினாள். இரண்டு மாதத்தில் முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். "பேசினா நீ சொல்லிடுவே. நீ சொல்லிட்டா எனக்குத் தெரிஞ்சதாயிடும். தெரிஞ்சதுக்கப்புறம் அவனுக்கு எந்தக் கையால சோறு போடறது? அவ வயித்துல இருக்கறதை எந்தக் கையால வாங்கறது? இப்ப தெரியாதவளா இருக்கேன். அதனால ஏதோ ஓடுது."

"அப்ப நான்மா?"

அம்மா தேய்த்த பாத்திரம் ஒன்றை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"நீ தாங்குவே" என்றாள். "அவன் தாங்க மாட்டான், கயித்தைத் தேடிடுவான். நீ அழுவே, புலம்புவே, தாங்கிடுவே. இது நியாயமில்லைடா. அம்மாவுக்குத் தெரியாம இல்ல. தெரிஞ்சேதான் பண்றேன்."

"நான் இங்கயே இருக்கேம்மா. ஒரு வார்த்தை பேச மாட்டேன். சத்தியமா."

"உன்னால முடியாதுடா கண்ணு. இந்த ரெண்டு மாசம் இருந்ததே பெரிசு." ஈரக் கையால் அவன் கன்னத்தைத் தொட்டாள். உடனே எடுத்துக்கொண்டு, மறுபடி தொட்டியின் பக்கம் திரும்பிக் குழாயைத் திறந்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. போ."

அவன் வாசல்வரை போய்விட்டான். "டேய்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஓடி வந்தான். அம்மா திரும்பவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"ஒண்ணுமில்ல. போ" என்றாள்.

தெருவில் நடக்கும்போது யாரும் அவனைக் கூப்பிடவில்லை. மருந்துக்கடைக்காரர் கணக்காக அந்த நேரம் பார்த்துக் குனிந்து எதையோ தேடினார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. பக்கத்தில் மூட்டையோடு ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். பேச்சுத் துணைக்கு ஏங்குகிற ரகம், பார்த்த உடனே தெரிந்தது. பழைய ரேடியோவாக இருந்தால் ஊர் போய்ச் சேருவதற்குள் அவருடைய ஏழு தலைமுறைக் கதையும் வெளியே வந்திருக்கும்.

"வேலைக்கா தம்பி?"

"ஆமாங்க."

"வீட்ல அப்பா என்ன பண்றார்?"

"இல்லைங்க. நெஞ்சு வலி."

"அடடா." அவர் உச்சுக்கொட்டினார். மனதாரத்தான் வருத்தப்பட்டார். "அப்ப அம்மா தனியாவா இருக்காங்க?"

"அண்ணன் இருக்கான்."

"நல்ல பிள்ளையா?"

பஸ் கிளம்பியது. சின்னவன் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப நல்லவன்ங்க" என்றான். "அவன்தான் அம்மாவைப் பாத்துக்கறான்."

"அப்புறம் என்ன தம்பி, நீ கொடுத்துவச்சவன்" என்று பெரியவர் அவன் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. அப்பா செத்த அன்றைக்கும் வராத அழுகை, அத்தனை பேர் பார்க்க, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதான்.