கிரானில் மட்டும் திக்கிய கணினி

கரடியனாற்றுக் கணக்கு ஓடி முடிந்துவிட்டது. கலாஜினி ஊற்றிவைத்த தேத்தண்ணி இன்னும் ஆறவில்லை.

கிரான் கணக்கு ஓடிக்கொண்டேயிருந்தது. காலையில் தொடங்கியது, மத்தியானச் சோறு தின்று கைகழுவி வந்து பார்த்தாலும் பாதியைத் தாண்டவில்லை.

இரண்டு ஊரிலும் ஒரே அளவு வயல். ஒரே கணினி, ஒரே புரோகிராம். குளத்து வான்கதவைத் திறந்தால் எந்த வயலுக்குள் எப்போது தண்ணீர் ஏறும் என்று, நிலத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டிக் கணக்குப்போட்டுச் சொல்வதற்காகக் கலாஜினி எழுதியது அது. மலைப்பக்கம் மழை கொட்டுகிறது. இன்றிரவு கதவைத் திறக்கப்போகிறார்கள். கிரானில் நெல் விளைந்து தலைசாய்ந்து நிற்கிறது. அறுக்க இருப்பதோ ஒரேயொரு மெஷின். அதை மேட்டுப்பக்க வயல்வெளியான மேல் வட்டைக்கு விடுவதா, பள்ளத்துக் கீழ் வட்டைக்கா? தப்பான பக்கம் போனால் ஒரு பக்கத்து விளைச்சல் தண்ணீரோடு போகும்.

விவசாய அமைப்பின் தலைவர் சதீசன் மறுபடியும் போன் எடுத்தார்.

"புள்ள, உன்ட கம்பியூட்டர் வாய் திறக்காட்டி நான் கீழ் வட்டையில மெஷின இறக்கிறன். பள்ளம் அதுதானே."

பக்கத்து மேசை நிதுர்ஷன் சதீசனின் மருமகன். கணினி சூடாகிவிட்டது என்று சொல்லி மின்விசிறியைத் திருப்பி வைத்தான். பிறகு வைரஸ் என்றான். கடைசியில், தன் கிரான் ஊர்க்காரருக்கே அவசரம் கிடையாது, தரவுக்கும் அதே குணம்தான் என்றான். கலாஜினி சிரிக்கவில்லை. பயத்தை முந்திக்கொண்டு ஆவல் அவளைப் பிடித்து இழுத்தது.

கரடியனாற்றுத் தரவில் ஒரு பிரதி எடுத்தாள். எண் ஒன்றைக்கூட மாற்றாமல், சதுரங்களின் இடத்தை மட்டும் சீட்டுக்கட்டுப்போலக் கலைத்துவிட்டாள். ஓடவிட்டாள்.

இப்போது கரடியனாறும் திக்கியது.

"நிதுர்ஷன், கிரான் தரவை ஏத்தினது ஆர்?"

"நான்தான். வடிவா அடுக்கித்தான் ஏத்தினன் கா. வயல்காரர்ர பேர் வரிசை. பேருக்குள்ள மேடு பள்ள வரிசை."

கரடியனாற்றை ஏற்றியது கலாஜினி. வாய்க்கால் போகிற வழியே, அக்கம்பக்கமாக.

ஜன்னலுக்கு வெளியே வாவி. குருக்கள்மடத்திலிருந்து ஆளையும் மோட்டார் சைக்கிளையும் சுமந்துகொண்டு அக்கரைக்குப் போகும் தட்டையான படகு, ஊர்ப்பேச்சில் 'பாதை', கரையை விட்டு நகர்ந்தது. அவள் அதைக் காட்டி அவனுக்கு விளக்கினாள். கணினியின் செயலிக்குப் பக்கத்திலேயே கேஷ் என்று ஒரு சின்ன நினைவகம் உண்டு. பெரிய நினைவகம் அக்கரை மாதிரி. அங்கிருந்து ஒன்றைக் கேட்டால், அதற்கு அருகில் கிடப்பதும் சேர்ந்தே ஏறிவரும். தண்ணீரோ அடுத்த சதுரத்துக்குத்தான் பாயும். கரடியனாற்றில் அந்த அடுத்த சதுரம் அதே படகில் வந்துவிட்டது. கிரானில் அருமைநாயகத்தின் வரம்புக்கு அங்கால் யதுர்ஷன் வயல். பேர் வரிசையால் நினைவகத்தில் இருவரும் வெவ்வேறு கோடியில்.

"வெங்காயத்துக்கு ஒருக்கா, மிளகாய்க்கு ஒருக்கா பாதை ஏறினா சமையல் எப்ப முடியும்?"

கணக்கில் ஒரு வரியையும் அவள் தொடவில்லை. சதுரங்களை மட்டும் வாய்க்கால் வழியே அடுக்கினாள். நிதுர்ஷன் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்குவதற்குள், முதலில் தண்ணீர் ஏறும் இடம் திரையில் சிவந்தது.

சிவந்தது மேல் வட்டை. புது வீதியின் மதகு ஒடுக்கம். தண்ணீர் வீதியில் முட்டி மேலேயே தேங்குகிறது. விடியும்போது அங்கே கதிர் மூழ்கியிருக்கும்.

சதீசனை அழைத்தபோது மெஷின் லொறியிலிருந்து இறங்கிவிட்டிருந்தது, கீழ் வட்டையில். அதை மேல் வட்டைக்குத் திருப்பச் சொன்னாள். தாமதத்துக்கு யாரோ பேர் வரிசையில் அடுக்கியதுதான் காரணம் என்றும் சொன்னாள். ஆளைச் சொல்லவில்லை.

"மகள், கீழ என்ட வயலும் கிடக்கு. தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரிஞ்சுதான் மாமா. உங்கட வயலுக்கு நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் நேரமிருக்கு."

 மறுமுனையில், மெஷினைத் திரும்ப லொறியில் ஏற்றச் சொல்லும் அவர் குரல் கேட்டது.

காலையில் போனுக்கு ஒரு படம் வந்தது. மேல் வட்டையில் அறுத்த நெல் தாளுக்கு மேலே தண்ணீர் பரந்து கிடந்தது. தூரத்தில், காய்ந்த தரையில், சதீசனின் வயலுக்குள் மெஷின் இறங்கியிருந்தது. படத்துக்குக் கீழே ஒரு வரி: "அந்தப் பேர் வரிசைக்காரன் ஆர்?"

பக்கத்து மேசையில் போன் அடித்தது. திரையில் 'மாமா' என்று வந்தது. நிதுர்ஷன் எடுக்கவில்லை.