நாலாவது மீட்டரில் கிளிஞ்சல்

கட்டி முடித்து ஆறு ஆண்டுகளுக்குள், ஏழு மாடிகள் கொண்ட அந்தக் குடியிருப்பு, எந்தச் சுவரிலும் மயிரிழை விரிசல் விடாமல், எந்தப் பக்கமும் சாயாமல், இரண்டு மாடி ஆழத்துக்குப் பூமிக்குள் இறங்கியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை கிடையாது. ஐம்பது ஆண்டுகளில் மொத்தமே இருபத்திரண்டு மில்லிமீட்டர்தான் இறங்கும் என்று மண் பரிசோதனை அறிக்கை சொல்லியிருந்தது. அந்த ஐம்பது ஆண்டுகளும் முதல் எட்டு நாளில் தீர்ந்துபோயின.

அறிக்கையில் கையெழுத்துப் போட்டவளைத் துளை போடும் ஆட்கள் மண்ணம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மனையில் ஆறு இடங்களில் பதினைந்து மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, மணிக்கட்டு பருமனுள்ள குழாய்களில் மண்ணை எடுத்து, ஈரம் போகாமல் இருக்க மெழுகு ஊற்றி மூடி, ஆய்வுக்கூடத்துக்குத் தன் மடியிலேயே வைத்துக் கொண்டுபோனவள் அவள். லேசாகத் தொட்டால் கல்லாக நிற்கும் களிமண், அழுத்த அழுத்த இளகிக் கொடுக்கும். எந்த அழுத்தத்தில் அதன் விறைப்பு எவ்வளவு குறைகிறது என்று அளந்து, கணினிக்குள் அதே குணமுள்ள மண்ணை உண்டாக்கி, அதன்மேல் கட்டடத்தை ஏற்றிப் பார்ப்பது அவளுடைய தொழில். அதில் அவள் தப்பு பண்ணியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான அவளுடைய அண்ணன், மனைவிக்கு மூட்டுவலி என்பதால் தரைத்தள வீடாகத் தேடிக்கொண்டிருந்தார். தங்கை பார்த்த மண் என்றதும் வேறு எதையும் விசாரிக்காமல் அங்கே குடிவந்தார்.

மூன்று பேராசிரியர்கள் கொண்ட குழு விசாரணைக்கு வந்தது. புதிதாகத் துளைகள் போட்டார்கள், மண்ணை அழுத்தினார்கள், கணக்கை முதலிலிருந்து போட்டார்கள். அதே இருபத்திரண்டு மில்லிமீட்டர் வந்தது. கட்டடம் இறங்க எந்த முகாந்திரமும் இல்லை என்று அவர்கள் தரைத்தளத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது, மண் ஜன்னல் விளிம்பைத் தொட்டிருந்தது. அலுவலகம் மண்ணம்மாவை வேலையை விட்டு அனுப்பவில்லை. புதிய அறிக்கை எதையும் அவள் கையில் கொடுக்கவும் இல்லை. தரைத்தளத்தின் மற்ற மூன்று குடும்பங்களும் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பின. மாதாமாதம் பிளம்பர் வந்து குழாய்களுக்கு ஒரு துண்டு ஒட்டுப்போட்டுவிட்டுப் போனார். முதல் மாடி பால்கனியின் கைப்பிடியை அறுத்தெடுத்து, பால்கனியையே வாசலாக்கிக்கொண்டார்கள். அண்ணன் மட்டும் அசையவில்லை. அவள் வந்து கெஞ்சியபோது, லிஃப்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார்: “நான் காலி பண்ணினா மேல இருக்கிறவங்க அத்தனை பேரும் காலி பண்ணிடுவாங்க. உன் கணக்கு தப்புன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்மா.”

அண்ணி அவரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நாத்தனாரிடம் மட்டும், “உங்க அண்ணனுக்கு உன் பேரு பெருசு. எனக்கு இருந்த ஒரே ஜன்னலும் போச்சு” என்றாள். இரண்டாம் ஆண்டு முடிவில் கண்ணாடி முழுக்க மண் ஏறியதும் திரையை இழுத்து மூடினாள். அதன்பிறகு இரண்டரை ஆண்டுகள் அந்தத் திரை மூடியபடியே கிடந்தது. நாத்தனாரும் அண்ணியும் பேசிக்கொண்டதெல்லாம் உப்பு, சர்க்கரை அளவோடு நின்றது. மண்ணுக்குள் இருந்ததால் மூச்சு முட்டியது என்று மட்டும் அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

அண்ணியின் இதயம் பலவீனப்பட்டது. மூன்று மாதம் தாங்கினால் அதிகம் என்றார் டாக்டர். மேலே வெளிச்சமான வீடு ஒன்று காலியாக இருந்தும் அவள் போக மறுத்துவிட்டாள். மண்ணம்மா பெட்டியோடு வந்து தங்கிப் பணிவிடை செய்தாள். ஒருநாள் மதியம் அண்ணி, அப்படி என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று திரையை விலக்கச் சொன்னாள். மஞ்சள் களிமண். குறுக்கே விரல்கடை அகலத்துக்குச் சிவப்பு மணல் பட்டை, எந்த மரத்துடையது என்று தெரியாத ஒரு வேர். ஆண்டுக்கணக்காகக் குழாய் அளவுக்கே மண்ணைப் பார்த்துப் பழகிய மண்ணம்மா, சுவர் அகலத்துக்கு அதைப் பார்த்ததும் கிட்டப் போய், அந்தச் சிவப்புப் பட்டையைக் கண்ணாடிமேல் விரலால் தடவினாள். பிறகு தன் பழைய துளைக் குறிப்புகளை எடுத்துவந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, எது எப்போது படிந்தது என்று வாசித்துக் காட்டினாள். அண்ணி நாளுக்கு மூன்று மில்லிமீட்டர் வீதம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“அடுத்து என்ன வரும்?”

“நாலு மீட்டர் தாண்டினா கிளிஞ்சல் அண்ணி. ஒரு காலத்துல இங்க கடல் இருந்திருக்கு.”

அண்ணி வாழ்நாளில் கடலைப் பார்த்ததில்லை. எப்போது வரும் என்று கேட்டாள். மண்ணம்மா காகிதத்தில் கணக்குப் போட்டாள். போட்டதை மறைக்க மனம் வரவில்லை. ஏழு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை. கீழே போன மாடிக்கு ஈடாக, அந்த மாதமே கட்டடக்காரர்கள் மேலே எட்டாவது மாடியை எழுப்பினார்கள். கூடுதல் பாரத்தில் கட்டடம் கொஞ்சம் வேகமாக இறங்காதா என்று, தன் தொழிலுக்கே துரோகம் நினைக்கிறோம் என்று தெரிந்தும், அவள் ஏங்கினாள். தூணில் பொருத்திய அளவுமானியைத் தினமும் இருமுறை பார்த்தாள். வேகம் ஒரு துளியும் மாறவில்லை. மூன்று மாதம் போயிற்று, ஐந்தும் போயிற்று. டாக்டர் கெடு சொல்வதை விட்டுவிட்டு, வரும்போதெல்லாம் தானும் ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை பிற்பகல் ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில், நகம் வெட்டிப் போட்டதுபோல வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. சாயங்காலத்துக்குள் அதன் வரிகளை எண்ண முடிந்தது. அண்ணி தலையணையில் சாய்ந்து வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, “இந்தத் தடவை சரியா சொல்லிட்ட” என்றாள். மண்ணம்மா சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் எதையும் கழுவாமல் நின்றாள்.

பத்தொன்பது நாள் கழித்து, கிளிஞ்சல் அடுக்கு ஐந்து சென்டிமீட்டர் ஏறியிருந்தபோது, அண்ணி காலமானாள். தரைத்தள வீட்டிலிருந்து அவளை லிஃப்டில் ஏற்றித் தரைக்குக் கொண்டுபோனார்கள். லிஃப்டை அண்ணனே இயக்கினார். அன்றைக்கும் கட்டடம் மூன்று மில்லிமீட்டர் இறங்கியது. மண்ணம்மா அதைக் குறித்துவைத்தாள்.

இப்போது முதல் மாடிக்காரர்களின் ஜன்னல்களையும் மண் முழுக்க மூடிவிட்டது; இரண்டாம் மாடி பால்கனிதான் வாசல். எந்த மாதம் எந்த வீட்டுக்கு எந்த அடுக்கு வரும் என்று மண்ணம்மா தாளில் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுகிறாள். தண்ணீர் வரும் நேரத்தைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள். அண்ணன் தன் கட்டிலை ஜன்னலோரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். கிளிஞ்சலுக்குப் பிறகு என்ன என்று கேட்டார். கருங்களி, பதினைந்து மீட்டர்வரைக்கும் அதுதான் என்றாள்.

“அதுக்கும் கீழ?”

“அதுக்குக் கீழ துளை போடலண்ணா. தெரியாது.”

அவர் தலையணையை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“சரி. நான் பாத்துச் சொல்றேன்.”