விற்ற மோட்டார்

தெரேஸ்புரம் கரையில் விடிந்தும் விடியாததுமாக அந்தச் சத்தம் எழுந்தபோது இனிகோவுக்கு வாயிலிருந்த காப்பி கசந்தது. ஒரே இழுப்பு. கிருபாகரன் கயிற்றைச் சுண்டினான், மோட்டார் எழுந்துகொண்டது. வள்ளத்தின் பின்னால் மாட்டுகிற அந்த மோட்டார் போன வருஷம்வரை இனிகோவுடையது. தோள்பட்டை கழன்றுவிடும்படி இழுத்து, மாதாவைக் கூப்பிட்டு, அப்புறம் கெட்ட வார்த்தையும் சொன்ன பிறகுதான் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பும். சனியன் தொலைந்தது என்றுதான் பழைய வள்ளத்தோடு சேர்த்துச் சகலைக்கு விற்றான். இனிகோவின் கொழுந்தியாளைக் கட்டியவன் கிருபாகரன்.

இனிகோவிடம் இப்போது புது வள்ளம், புது மோட்டார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புதுசு ஓடுவதில் யாருக்கு என்ன பெருமை? கிருபாகரனோ கரைக்கு வந்ததும், தான் குளிக்கிறானோ இல்லையோ, மோட்டாருக்கு அடியில் டிரம்மை வைத்து நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவுவான். பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது எரிந்து தானாக அணையும்வரை காத்து நிற்பான். இதையெல்லாம் மெக்கானிக் இனிகோவுக்கும் சொல்லித்தான் இருந்தான். யார் செய்தது? போதாக்குறைக்கு அமலோற்பவம் ஒருநாள், "ஒங்க கையில இருமிக்கிட்டுக் கெடந்தது. எங்க தங்கச்சி வீட்ல பாருங்க, ஒரே இழுப்புல பேசுது" என்றாள். பெண்டாட்டி வாயால் அதைக் கேட்டதிலிருந்து இனிகோ சகலை வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

கிருபாகரனின் வள்ளத்தில் அடியில் விரிசல் விட்டுவிட்டது. மாப்பிள்ளையூரணியில் பைபர் வேலை செய்கிற கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும், கூடமாட நில்லுங்கள் என்று அமலோற்பவம் பிடித்துத் தள்ளியதால்தான் இனிகோ போனான். மோட்டாரைக் கழற்றிச் சாக்கில் சுற்றித் தனியாக ஏற்றுவதுதான் முறை. ஆனால் வள்ளத்தோடு பிடித்திருந்த திருகுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. காலாகாலத்தில் கிரீஸ் வைக்காத புண்ணியவான் இனிகோதான். கிருபாகரன் எண்ணெய் விட்டும் தட்டியும் பார்த்துவிட்டான், அசையவில்லை. அதனால் மோட்டாரோடேயே வள்ளத்தை இரண்டு சக்கர வண்டியில் ஏற்றி, லோடு ஆட்டோவுக்குப் பின்னால் கட்டினார்கள். தண்ணீருக்குள் இறங்குகிற, விசிறி மாட்டிய மோட்டாரின் கால் ரோட்டில் இடிக்காதபடி மேலே தூக்கிக் கொக்கியில் மாட்டினார்கள். கொக்கி 'டக்'கென்று விழுந்தது.

அந்த 'டக்'கை நம்பக் கூடாது என்று இனிகோவுக்குத் தெரியும். கரையில் நிற்கும்போது பிடிக்கும். ரோட்டில் குலுங்கினால் கொக்கியின் தேய்ந்த பல் நழுவிவிடும். மணப்பாட்டுக்குக் கொண்டுபோனபோது ஒருதரம் பட்டிருக்கிறான். அதன்பிறகு அடியில் கட்டையை முட்டுக்கொடுத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டித்தான் ரோட்டில் ஏற்றுவான். விற்கும்போது இதைச் சொல்லத் தோன்றவில்லை. இப்போது தோன்றியது.

"பாத்துச் சொல்லுங்கண்ணே. இதப் பத்தி ஒங்களுக்குத்தான தெரியும்" என்றான் கிருபாகரன்.

"சரியாத்தாம்ல இருக்கு. கெளம்பு."

பின்னால் பாதுகாப்புக்கு வருவதாகச் சொல்லி பைக்கை எடுத்தான் இனிகோ. பார்க்கத்தான் போனான். விழட்டும். கால் உடைந்தால் அந்தச் சத்தம் இனி யார் காதிலும் விழாது, அமலோற்பவத்துக்கும் பேச ஒன்றும் இருக்காது. முதல் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. மோட்டார் அப்படியே நின்றது. அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது, அதில் வெட்கமும் இல்லை.

அப்போதுதான் அந்தக் கையைக் கண்டான். வள்ளத்துக்குள் உட்கார்ந்திருந்த கிருபாகரன், மோட்டார் ஆடக் கூடாதென்று ஒரு கையால் பிடித்திருந்தான். நாலு விரலும் மோட்டாருக்கும் அதன் இரும்புத் தாங்கிக்கும் நடுவில். மோட்டார் நழுவினால் ஒரு விரல் மிஞ்சாது. அடுத்த வேகத்தடை கண்ணுக்குத் தெரிந்தது.

இனிகோ ஹாரனை அமுக்கியபடியே முறுக்கிக்கொண்டு போய்க் கத்தினான். "கைய எடுல! கிருபா, கைய எடு!"

காற்றில் ஒன்றும் கேட்காத கிருபாகரன், என்னண்ணே என்கிற மாதிரி அந்தக் கையை எடுத்துக் காதோரம் குவித்தான். சக்கரம் ஏறி இறங்கியது. மோட்டார் விழுந்தது. தாரில் உரசித் தீப்பொறி பறந்து, ஆட்டோ நிற்பதற்குள் விசிறிப் பக்கம் பிளந்துவிட்டது.

கிருபாகரன் குதித்து இறங்கி முழங்காலிட்டு மோட்டாரைத் தடவினான். கண் கலங்கியிருந்தது. பிறகு தன் விரல்களை விரித்துப் பார்த்தான். அப்புறம் இனிகோவைப் பார்த்தான்.

"விழுறதுக்கு முன்னாலயே கத்துனியளே, ஒங்களுக்கு எப்பிடிண்ணே தெரிஞ்சுது?"

இனிகோ குனிந்து கீழே பார்த்தான். பிளவிலிருந்து கியர் ஆயில் வழிந்துகொண்டிருந்தது. அவனிடம் இருந்த காலத்தில் கடல்தண்ணீர் கலந்து, மோர் மாதிரி வெளுத்துத்தான் வரும். இப்போது அடியில் தாரும் சரளையும் தெரிகிற அளவுக்கு, நல்லெண்ணெய்போலத் தெளிவாக, அவன் செருப்பை நோக்கி ஓடி வந்தது.