ஒரு கேன் பெட்ரோலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா

மருமகனுக்குப் 'பாடப்புத்தகம்' என்று பெயர் வைத்தவர் மாமனார்தான். நேரில் வாய் நிறைய "மாப்பிள்ளை", மனசுக்குள் பாடப்புத்தகம். எரிந்துபோன கடைகளையும் கருகிப்போன கார்களையும் நேரில் பார்த்து, எப்படித் தீப்பிடித்தது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது அவனுக்கு உத்தியோகம். எரிந்ததையே பார்த்துப் பார்த்து, எரியாமல் சும்மா கிடக்கிற பொருளைப் பார்த்தாலும் இது எப்போது எரியுமோ என்று யோசிக்கிற புத்தி அவனுக்கு வந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எல்லோரும் படுக்கிறார்கள். அவன் படுத்த பிறகும் ஒரு தரம் எழுந்துபோய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவான்.

மாமனார் யார் என்று கேட்டால், டேங்கர். கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. உத்தியோகக் காலம் முழுக்கப் பெட்ரோல் லாரி ஓட்டியவர். ஒரு ஊர் முழுக்கக் குடிக்கிற அளவு பெட்ரோலை முதுகுக்குப் பின்னால் சுமந்துகொண்டு மலைப்பாதையில் இறங்கியவர். அப்படிப்பட்டவரிடம்தான் அந்தச் சனிக்கிழமை காலையில் பாடப்புத்தகம் வந்து நின்று, "மாமா, ஏரியில நாங்க வாங்கிப் போட்டிருக்கிற படகுக்கு ஒரு கேன் பெட்ரோல் கொண்டு போகணும். உங்க கார் கிடைக்குமா?" என்று கேட்டான்.

டேங்கருக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

மனைவி போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டவர் அவர். சாப்பாட்டுக்குக் குறையில்லை, பேச்சுக்குக் குறையில்லை. குறை ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டில் அவருக்கு என்று ஒரு வேலை கிடையாது. குழாய் ஒழுகினால் ஆள் வந்துவிடும். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினால், "இறங்குங்கப்பா, விழுந்து வெக்கப் போறீங்க" என்று மகள் ஓடி வருவாள். பழைய நாற்காலியைத் துடைத்து ஓரமாக வைப்பதுபோல அவரை வைத்திருந்தார்கள். அப்பா இல்லாமல் இது நடக்காது என்று மகள் வாயால் ஒரு தடவை வந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் அவருக்குத் துச்சம்.

"உங்க கார் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"அதுல டிக்கி தனியா இல்ல மாமா. பின் சீட்டுக்குப் பின்னாடி அப்படியே திறந்து கிடக்கும். ஆவி வந்தா நம்ம மூக்குக்குத்தான் வரும். உங்களோடது பழைய மாடல், டிக்கி தனியா அடைச்சிருக்கு."

தன்னைத் தேடி வரவில்லை, தன் டிக்கியைத் தேடி வந்திருக்கிறான் என்பது டேங்கருக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் சாவியை எடுத்துக்கொண்டார்.

பெட்ரோல் பங்க்கில் பாடப்புத்தகம் தன் அத்தனை பக்கங்களையும் விரித்துவிட்டான். சிவப்புக் கேன் ஒன்று, பெட்ரோலுக்கென்றே செய்தது, கடையில் ஒட்டிய லேபிள்கூட இன்னும் உரியவில்லை. அதை டிக்கியில் வைத்தபடியே நிரப்பக் கூடாதாம். கீழே தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டுமாம். வாய்வரை நிரப்பக் கூடாதாம், வெயிலில் பெட்ரோல் உப்புமாம். மூடியைத் திருகிவிட்டுக் கேனை லேசாகச் சாய்த்துப் பார்த்தான். ஈரத் துணியால் துடைத்தான். டிக்கியில் நிமிர்த்தி வைத்துப் பெல்ட்டால் இழுத்துக் கட்டி, அது ஆடுகிறதா என்று அசைத்தும் பார்த்தான். பிரசவம் பார்த்த டாக்டர்கூடக் குழந்தையை இவ்வளவு பதனமாகத் தொட்டிருக்க மாட்டார். பின்னால் நின்ற ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தே களைத்துவிட்டான்.

"மாப்பிள்ளை, இது பெட்ரோல்தானே? இல்ல, பெட்ரோல்னு சொல்லி வேற எதையாவது வாங்கிட்டீங்களா?"

"பெட்ரோல்தான் மாமா."

"இல்ல, நீங்க கட்டுறதப் பாத்தா அணுகுண்டோன்னு நினைச்சேன்."

பின் சீட்டில் இருந்த மகள் சிரித்தாள். டேங்கருக்கு அது போதுமானதாக இருந்தது. அவள் சிரிக்கச் சிரிக்க, போகிற வழியெல்லாம் அவர் மருமகனை வறுத்தெடுத்தார். ஏ.சி. வேண்டாம், நான்கு கண்ணாடியையும் இறக்கிவிடுங்கள் என்றான். இறக்கினார், "காத்து உள்ள வந்து நம்மளத் தூக்கிட்டுப் போயிடாதே?" என்று கேட்டபடி. வழியில் எங்கேயும் நிறுத்தாமல் நேராகப் போய்விடலாம் என்றான். "ஏன், கேனுக்கு வாந்தி வருமா?" என்றார். வேகத்தடையில் மெதுவாக ஏற்றுங்கள் என்றபோது அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

"மாப்பிள்ளை, நான் லாரில கொண்டு போனதுல சிந்துனதுகூட உங்க கேனவிட ஜாஸ்தி இருக்கும். எனக்கே பாடமா?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லல மாமா. வேலையில பார்த்ததச் சொன்னேன். முக்கால்வாசிப் பேரு கவனமா இருந்து இருந்து, கடைசி அஞ்சு நிமிஷத்துலதான் விட்டுடுறாங்க."

"அப்ப கடைசி அஞ்சு நிமிஷம் என்ன செய்யணுமாம்?"

"ஊத்தினதும் இன்ஜின ஸ்டார்ட் பண்ணக் கூடாது. படகோட அடித்தட்டு மூடியெல்லாம் திறந்து வெச்சு, கொஞ்ச நேரம் காத்தாட விட்டு, மோந்து பார்த்துட்டுத்தான்..."

"மோந்து பாக்கணுமா!" டேங்கர் ஸ்டீயரிங்கில் தட்டிச் சிரித்தார். "கேட்டியாம்மா? உன் புருஷன் படகு ஓட்டப் போறானா, மோப்பம் பிடிக்கப் போறானா?"

மகள் மறுபடி சிரித்தாள். பாடப்புத்தகமும் சிரித்தான், முகம் மட்டும் கொஞ்சம் சிறுத்துப்போயிருந்தது. அதன் பிறகு படகுத்துறை வரும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை. ஒரு வழியாகப் புத்தகத்தை மூடவைத்துவிட்டோம் என்று டேங்கர் விசிலடித்துக்கொண்டே ஓட்டினார்.

படகைப் பார்த்தால் அதற்கும் ஒரு சிரிப்பு வரும். இரண்டாம் கையோ மூன்றாம் கையோ. வெள்ளை பெயின்ட் அடித்து வயசை மறைத்திருந்தார்கள். பின்பக்கம் ஒரு மோட்டார் தொங்கியது. மரப்பாலத்தின் ஓரமாகக் கட்டிக் கிடந்தது. ஆறு பேர் நெருக்கி உட்காரலாம். அதற்கு ஒரு ஸ்டீயரிங், ஒரு சாவித் துவாரம் வேறு. மருமகன் கேனைத் தூக்கிவந்து மரப்பாலத்தின் மேல் படகை ஒட்டி வைத்துவிட்டு, "லைஃப் ஜாக்கெட்டும் தூண்டிலும் படகுத்துறை ஆபீஸ்ல இருக்கு, எடுத்துட்டு வந்துடுறேன். வந்ததும் நானே ஊத்துறேன் மாமா, நீங்க சிரமப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். சாப்பாட்டுக் கூடை எடுக்க மகள் காருக்குப் போயிருந்தாள்.

சிரமப்படாதீங்க! டேங்கருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெட்ரோல் ஊற்றுவது ஒரு சிரமமா, அதுவும் அவருக்கு? அவர்கள் திரும்பி வருவதற்குள் வேலையை முடித்துக் கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மகள் பார்க்க வேண்டும்.

கேனைத் தூக்கிக்கொண்டு படகில் இறங்கினார். ஊற்றுகிற வாய் எங்கே என்று பெரிதாகத் தேடவும் வேண்டியிருக்கவில்லை. பக்கவாட்டு விளிம்பில், கைக்கு எட்டுகிற இடத்தில், பளபளவென்று ஸ்டீல் வளையம் வைத்த துவாரம் ஒன்று சற்றுச் சாய்வாக உள்ளே இறங்கியது. கேனோடு கொண்டுவந்திருந்த புனலை வைத்தால் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. மடமடவென்று குடித்தது. கை நடுங்காமல், விளிம்பில் ஒரு பொட்டு ஈரம் படாமல் கேன் முழுவதையும் இறக்கினார். கை இன்னும் மறக்கவில்லை என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

மகள்தான் முதலில் வந்தாள். காலிக் கேனைப் பார்த்தாள்.

"நீங்களே ஊத்திட்டீங்களாப்பா?"

"பின்ன? அவர் வந்து பூஜை போட்டு ஊத்துறதுக்குள்ள பொழுது போயிடும்."

"நல்லதாப் போச்சு. இல்லன்னா அவர் இன்னும் ஒரு மணி நேரம் ஆக்கியிருப்பாரு."

அவள் படகில் இறங்கி, பின்மூலையில் சுருட்டிக் கிடந்த கயிற்றை நகர்த்திவிட்டு உட்கார இடம் பண்ணினாள். கயிறு கிடந்த இடத்தில் வட்டமான ஒரு மூடி இருந்தது. மேலே பெட்ரோல் பம்பின் படம் பொறித்திருந்தது.

டேங்கர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு டாங்க் இருக்கும், பெரிய படகுகளில் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானம் மருமகன் வந்து சேரும்வரைதான் தாங்கியது. அவன் ஒரு கையில் ஜாக்கெட்டுகளும் மறு கையில் தூண்டில் கம்புகளுமாக இறங்கினான். ஒரு கம்பை எடுத்து, பளபளத்த அந்த ஸ்டீல் வளையத்துக்குள் சொருகி நிமிர்த்தி நிறுத்தினான். எதிர் விளிம்பிலும் அதேபோல ஒரு துவாரம் இருந்தது. இன்னொரு கம்பு அதற்குள் போனது.

டேங்கருக்கு அப்போதுதான் புரிந்தது. தூண்டில் நிறுத்துகிற குழாய். அடியில் டாங்க் கிடையாது. ஊற்றியதெல்லாம் படகின் வயிற்றுக்குள், ஒயர்களும் பேட்டரியும் கிடக்கிற அடித்தட்டில் தேங்கி நிற்கிறது. லாரிக் காலத்தில் எந்த பங்க்குக்குப் போனாலும், எந்த வாய் எதற்கு என்று அங்கே இருப்பவனைக் கேட்டு, அவன் கையால் தொட்டுக் காட்டிய பிறகுதான் குழாயை மாட்டுவார். இங்கே கேட்கவில்லை. பாடப்புத்தகத்திடம் போய்க் கேட்பதாவது!

"பெட்ரோல் வாடை தூக்குதே" என்றான் மருமகன்.

"இப்பத்தானே அப்பா ஊத்தினாரு, வரத்தான செய்யும்?" என்றாள் மகள்.

அவன் அடித்தட்டு மூடியைப் பார்த்துக் குனிந்தான். டேங்கர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். திற, திறந்து தொலை என்று மனசு அடித்துக்கொண்டது. குனிந்தவன் நிமிர்ந்துவிட்டான். மாமனார் முகத்தைப் பார்த்து வெட்கமாகச் சிரித்தான்.

"வேண்டாம் மாமா. மறுபடி மோப்பம்னு கிண்டல் பண்ணுவீங்க. ஊத்தினது நீங்க. உங்களுக்குத் தெரியாததா? இன்னைக்குப் பாடம் படிக்காமலே கிளம்புவோம்."

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான்.

ஜெயித்துவிட்டார் டேங்கர். காலையிலிருந்து எதற்காகப் பாடுபட்டாரோ அது கைக்கு வந்துவிட்டது. இப்போது வாயைத் திறந்து சொன்னால், இனி அந்த வீட்டில் தண்ணீர்க் குடத்தைக்கூட அவரை நம்பித் தூக்கக் கொடுக்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் அவருடைய மகள் அந்தப் பெட்ரோலுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். அந்த மனுஷனுக்கு யோசிக்க வேண்டியிருந்தது, அதுதான் கேவலம்.

"மொதல்ல சாப்பிடுவோமா?" என்றார்.

"நடு ஏரியில போய்ச் சாப்பிடலாம்ப்பா."

"மேகம் கட்டுது பாரு."

"எங்கப்பா மேகம்? வெயில் கொளுத்துது."

மருமகன் சாவியைத் துவாரத்துக்கு அருகே கொண்டுபோனான். டேங்கர் பாய்ந்து அதைப் பிடுங்கித் தண்ணீரில் வீசி எறிந்தார். மகள் "அப்பா!" என்று அலறினாள். மருமகன் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றான்.

வீசிய சாவி மூழ்கியிருந்தால்கூட அவருடைய மானம் அரைகுறையாகப் பிழைத்திருக்கும். கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று பேசிக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆனால் பாடப்புத்தகம் சாவி வளையத்தில் ஒரு கார்க் கட்டையைக் கட்டி வைத்திருந்தான். அது நாலடி தூரத்தில் ஜம்மென்று மிதந்தது. மகள் தூண்டில் கம்பை உருவி, அதை எட்டி இழுக்கக் குனிந்தாள். கம்பின் அடிமுனையிலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வடிந்தது.

"வேண்டாம்மா, எடுக்காதே!" டேங்கர் கத்திவிட்டார். "தப்பான ஓட்டையில ஊத்திட்டேன். மொத்தமும் அடியிலதான் கிடக்கு. இறங்கு, இறங்கும்மா!"

மருமகன் கையில் இருந்ததையெல்லாம் போட்டுவிட்டு, "எந்த ஸ்விட்சையும் தொடாதீங்க" என்று மட்டும் சொல்லி, முதலில் மனைவியை, பிறகு மாமனாரைக் கை கொடுத்து ஏற்றி, மரப்பாலத்தைத் தாண்டிக் கரைவரை நடத்திக் கூட்டி வந்தான். அங்கே இருந்தவர்களையும் விலக்கிவிட்டுப் படகு ரிப்பேர்க்காரரைக் கூப்பிடப் போனான். திட்டியிருந்தால் டேங்கர் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லியிருப்பார். அவன் திட்டவில்லை, அது அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. வெட்கத்தில் அழுகை வந்தது. வியர்வையைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டார்.

மகள் தள்ளிப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கூடை அவள் மடியில் இருந்தது, திறக்கவில்லை.

ரிப்பேர்க்காரர் வந்தார். படகைத் தூரத்திலிருந்தே நோட்டம் விட்டார். தீயணைப்பு ஆட்கள் வந்து நுரை போட்ட பிறகுதான் உறிஞ்சி எடுக்க முடியும் என்றார். பிறகு மகளிடம் கேட்டார், "உள்ள எவ்வளவுங்க போயிருக்கும்?"

"அப்பாவக் கேளுங்க" என்றாள் அவள், திரும்பாமல்.

டேங்கர் தன்னையறியாமல் முதுகை நிமிர்த்தினார். லாரிக் காலத்துப் பழக்கம், டெலிவரி முடிந்ததும் மேனேஜரிடம் சொல்கிற வாக்கியம் தானாக வாயில் வந்துவிட்டது.

"முழுக் கேனும் போயிருக்கு. ஒரு சொட்டு வெளிய சிந்தல."

மகள் அப்போதுதான் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"சிந்தியிருக்கலாமேப்பா" என்றாள்.