மடியில் ஏறிய சக்கரம்

பொற்கொடிக்கு ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் சோறு இறங்காது. கீரனூரிலிருந்து திருச்சிக்குப் போகும் ஏழேகால் பஸ்ஸில் பதினோரு வருடமாக இடது பக்கம் நான்காவது சீட்டில் போகிறவள். திருச்சியில் ஒரு புடவைக் கடையில் வேலை. யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், யார் எதற்கு மாத்திரை போடுகிறார்கள் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவளை ஒரு கறுப்பு உருண்டை மூன்று வாரமாகத் தூங்கவிடவில்லை.

அதைக் கொண்டுவருகிறவள் ஜெனிஷா என்ற பெண். பெட்டியை இழுப்பதுபோலக் கைப்பிடியை நீட்டி உருட்டி வருவாள். பஸ் படிக்கட்டு வந்ததும் கைப்பிடியை உள்ளே தள்ளிவிட்டு, தண்ணீர்க் குடம்போல இடுப்பில் சாத்தி, ஒருச்சாய்ந்து ஏறுவாள். பாதிப் பேர் அதை ஸ்பீக்கர் என்றார்கள். கண்டக்டர் நல்லதம்பி தண்ணீர் மோட்டார் என்று அடித்துச் சொன்னார்.

கடைசியில் பொற்கொடி கேட்டேவிட்டாள்.

“சக்கரம்க்கா. ரெண்டு பக்கமும் மிதிக்கட்டைய விரிச்சு மேல நின்னா கரண்டுல போகும்.”

“ஹேண்டில்பாரு?”

“இல்லக்கா.”

“பிரேக்கு?”

“முன்னாடி சாஞ்சா போகும், பின்னாடி சாஞ்சா நிக்கும்.”

“கேக்குறவ கேனையா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பியே!”

ஜெனிஷா சிரித்தாள். அவள் ஊருக்கு முதல் பஸ்ஸே எட்டரைக்குத்தான். அந்த எட்டரைக்கு அவள் திருச்சியில் ஸ்கேன் சென்டரைத் திறந்தாக வேண்டும். அதனால் கீரனூர் வரை ஆறு கிலோமீட்டர் இதில்தான் வருகிறாள்.

“ஸ்கூட்டி வாங்க வேண்டியதுதானே?”

“அதை இங்கிட்டு ஸ்டாண்டுல விட்டுட்டா, அங்கிட்டு எறங்கி இன்னும் மூணு கிலோமீட்டருக்கு என்ன பண்றது? இதுன்னா கூடவே வரும். என்ன, ஓட்டுறதவிட சுமக்குறதுதான் ஜாஸ்தி. பதினாலு கிலோக்கா.”

விளக்கம் கிடைத்தது, நம்பிக்கை வரவில்லை. அது ஓடிப் பொற்கொடி பார்த்ததே இல்லையே! கீரனூரில் ஜெனிஷா பஸ் ஸ்டாண்டுக்கு வெளியிலேயே இறங்கி உருட்டி வந்துவிடுவாள். திருச்சியில் பொற்கொடி டவுன் பஸ்ஸைப் பிடிக்கத் தலைதெறிக்க ஓடுவாள்.

அந்தத் திங்கட்கிழமை முகூர்த்த நாள். பஸ்ஸில் எள் போட்டால் எள் விழாது. ஜெனிஷா சக்கரத்தைப் பொற்கொடியின் காலடியில் நிறுத்தினாள். கூட்டம் அவளைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டது. பொற்கொடிக்குக் கை சும்மா இருக்குமா? மேலே இருந்த பொத்தானைத் தடவினாள். ‘கீக்’ என்று சத்தம் வந்து விளக்கு எரிந்தது. பயந்து கையை எடுத்துக்கொண்டாள்.

மாத்தூரில் கல்யாண வீட்டுக்கு இறங்க வேண்டிய கண்ணுசாமி, “இதைக் கொஞ்சம் தூக்கும்மா, காலு வைக்க எடமில்ல” என்றார். பொற்கொடி கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். தரையை விட்டதுதான் தாமதம், சக்கரம் விர்ரென்று சுழன்று கண்ணுசாமியின் பட்டுக்கரை வேட்டி நுனியைக் கவ்விக்கொண்டது. நாலு பேர் அலறினார்கள். ஜெனிஷா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து பொத்தானை அமுக்கி அணைத்தாள். வேட்டி ஒரு சாண் கிழிந்திருந்தது. கண்ணுசாமி துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, ஏழு தலைமுறையையும் திட்டியபடி இறங்கிப் போனார்.

நல்லதம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “மொதல்ல அதை எறக்கும்மா. இனிமே இந்த வண்டியில அது ஏறக்கூடாது. யாரு காலாவது போச்சுன்னா என் வேலை போயிரும்.”

“இதை ஏத்தலைன்னா நான் வேலைய விடணும்ணே.” ஜெனிஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “நான்தான் அணைக்க மறந்துட்டேன் போல. ஒரு தடவை மன்னிச்சுக்கங்கண்ணே.”

பொத்தானில் கை வைத்தவள் பொற்கொடிதான். வாயைத் திறக்காமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஊர் விஷயத்தையெல்லாம் பேசுகிற வாய், தன் விஷயத்துக்கு வந்தபோது கொஞ்சம் தயங்கத்தான் செய்தது.

“அமுக்குனது நானு,” என்றாள். “அந்தப் புள்ள ஒழுங்காத்தான் அணைச்சு வச்சுச்சு.”

“யாரு அமுக்குனா என்ன? தரையில அது இருக்கக் கூடாது.”

“தரையிலதானே? மடியில வச்சுக்கிட்டா?”

நிற்பவரின் பையை, பள்ளிக்கூடப் பிள்ளையின் மூட்டையை, ஏன், கைக்குழந்தையைக்கூட உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கிக்கொள்வது அந்தத் தடத்தில் எழுதாத சட்டம். நல்லதம்பியே தினமும் நாலு பையைப் பொற்கொடியின் மடியில் போடுகிறவர்தான். எந்த முகத்தோடு மறுப்பார்?

“தெனமும் வச்சுக்குவியா?”

“தெனமும்.”

விசில் கேட்டது. மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். பொற்கொடிக்குப் பதினாலு கிலோ மடியில் ஏறிய பிறகுதான் மனது லேசானது.

திருச்சியில் ஜெனிஷா சக்கரத்தை வாங்கிக்கொண்டாள். “அக்கா, இன்னைக்கு நின்னு பாத்துட்டுப் போங்க.”

பொற்கொடி எழுந்தாள். எழுந்ததாக நினைத்தாள், அவ்வளவுதான். இரண்டு காலும் மரத்துப்போய் மரக்கட்டையாகக் கிடந்தன. மூன்று வாரம் ஏங்கிய காட்சி வெளியே நடக்கப்போகிறது, அவள் சீட்டில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறாள்! அழுகையே வந்துவிட்டது. ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்தினாள்.

கூட்டத்தில் தலைகள் மட்டும் தெரிந்தன. எல்லாத் தலையும் நடைக்கு நடை ஏறி இறங்கின. ஒரே ஒரு தலை மட்டும் மற்றவற்றைவிட ஒரு சாண் உயரத்தில், கொஞ்சமும் குலுங்காமல் போய்க்கொண்டிருந்தது. வளைவில் திரும்பிக் கை காட்டியது.

“அடியாத்தி, நெசமாவே போகுதே!”

முன் சீட்டு ஜன்னலில் நல்லதம்பியும் முகத்தை வைத்திருந்தார். “மோட்டாருன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல?” என்றார், கண்ணை எடுக்காமல். “நாளைக்கு மாத்தூர் தாண்டுனதும் இங்கிட்டுக் குடு. கொஞ்ச தூரம் நான் வச்சுக்கிறேன்.”