பின்சீட்டு

குமணன்சாவடி மெக்கானிக் ஷெட்டில் நிஜாமுதீன் பின்சீட்டின் கடைசி போல்ட்டைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தான். “சீட்டு புச்சாட்டம் கீது. இத்த இன்னாத்துக்கு மாமே கழட்றே?”

“லோடுக்கு எடம் பத்தல,” என்றான் மனோகரன். வாய் கூசாமல் வந்துவிட்டது.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை கடைகளுக்குத் துணிசோப்பு போடுகிறவன் அவன். இரண்டு வரிசை சீட்டுள்ள அந்தப் பழைய பிக்கப்பின் தொட்டியே பாதி நாள் காலியாகத்தான் ஓடியது. இடம் எங்கே பத்தாமல் போகும்? அவனுக்குச் சங்கடம் செவ்வாய்க்கிழமைதான். பக்கத்து வீட்டு உஸ்மான் கனியின் மனைவி ரோஷன் பேகத்துக்குச் சர்க்கரையால் காலில் ஆறாத புண். வாரா வாரம் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வேண்டும். அன்றைக்குத்தான் மனோகரன் சரக்கெடுக்கப் பாரிமுனை போவான். “வண்டி சும்மாதானே போவுது, ஏறுங்கக்கா,” என்று அவன்தான் வாயை விட்டான். எட்டு மாதமாயிற்று. காலை நீட்டி உட்கார அவளுக்குப் பின்சீட்டுதான் தோது. மருந்தும் சீழும் கலந்த வாடை மறுநாள் வரை வண்டியை விட்டுப் போகாது. ஜன்னலை இறக்கினால் அவர்களுக்குப் புரிந்துவிடுமே என்று இறக்காமலே ஓட்டுவான். ஒரு தடவை மதுரவாயல் தாண்டும்போது குமட்டிக்கொண்டு வந்தது. வரவேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல அவனுக்குத் துணிச்சல் கிடையாது. சீட்டே இல்லையென்றால் யார் ஏறப்போகிறார்கள்?

விஷயத்தைக் கேட்டு ரோஷன் பேகம் சிரித்தாள். “யாவாரம் பெருகுதுன்னா சந்தோஷம்தானே தம்பி. நாங்க பஸ்ஸுல போயிக்கிறோம்.”

மனசாரச் சொன்னாள். அதுதான் அவனைக் குடைந்தது. அடுத்த செவ்வாய் பஸ் ஸ்டாண்டு வாசலில், கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் ஒற்றைக் காலில் படியேற முயல்வதைப் பார்த்தான். ஹாரனுக்குக் கை போயிற்று. அடித்துவிட்டு என்ன சொல்வது? ஆக்சிலரேட்டரை மிதித்தான்.

சீட்டு இருந்த இடம் அதற்குப் பிறகு பூதாகாரமாகத் தெரிந்தது. தெருவில் யாராவது எட்டிப் பார்த்தால் மானம் போய்விடும். காலி சோப்புப் பெட்டிகள் ஆறை டேப் ஒட்டிக் கூரை முட்ட அடுக்கினான். அவை தினமும் ஆவடி போய் அப்படியே திரும்பி வந்தன. “இன்னாய்யா கூத்து இது?” என்றாள் அவன் மனைவி வனஜா. அவன் வண்டியைத் துடைக்கப் போய்விட்டான்.

மூன்றாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை, உஸ்மான் கனி வந்து வண்டியருகே நின்றார்.

“ஆவடி குவார்ட்டர்ஸாண்ட என் மச்சான் மளிகைக் கடை வச்சிருக்காருல்ல, மாசம் இருபது பெட்டி உன்கிட்டயே எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு. உங்கக்காதான் என்னை நச்சரிச்சுப் பேச வச்சா. சீட்டைக்கூடக் கழட்டிட்டு புள்ள ஒழைக்கிறானேன்னு அவளுக்கு ஒரே கவலை.”

மனோகரனுக்குச் செத்துவிட்டால் தேவலை என்றிருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பின்கதவைத் திறந்து எதையோ தேடுகிறவன்போலக் குனிந்தான். தோள் இடித்து மேல்பெட்டி சரிந்தது. அவன் தலையில் விழப்போகிறதென்று உஸ்மான் கனி பதறி இரண்டு கையாலும் தாங்கினார். கனத்துக்குத் தயாராக இருந்த கைகள் ஜிவ்வென்று மேலே போயின. அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு அடுக்கியிருந்த மற்ற ஐந்தையும் பார்த்தார்.

“பாய்...” என்று ஆரம்பித்தான் மனோகரன்.

“பாத்து தம்பி,” என்றார் அவர். காலை அகட்டி ஊன்றி, மூச்சைப் பிடித்து, முதுகை வளைத்து, அந்தப் பெட்டியை மெல்ல அதன் இடத்தில் இறக்கி வைத்தார்.