வரிசையாய் மூன்று தடிப்பு

அறுபத்தெட்டாம் வருஷம் எனக்கு வேலை மூட்டைப்பூச்சி வளர்ப்பது. சிரிக்க வேண்டாம். பாளையம்பட்டி ஓரத்தில் ஒரு பூச்சி ஆய்வுக்கூடம் இருந்தது. டி.டி.டி. மருந்துக்கு மூட்டைப்பூச்சி சாகிறதா என்று அங்கே சோதிப்பார்கள். சோதிக்கப் பூச்சி வேண்டுமே? வாயில் மெல்லிய துணி கட்டிய குப்பிகளை என் கெண்டைக்காலில் கவிழ்த்துக் கட்டிக்கொள்வேன். உள்ளிருக்கும் பூச்சிகள் துணி வழியாகவே ரத்தம் குடித்து உப்பிவிடும். பெண்டாட்டி போன பிறகு என்னைத் தொட்டது அவை மட்டும்தான். டீக்கடையில், “மூட்டைப்பூச்சி தங்கசாமி வாராருடோய்” என்று பெஞ்சை விட்டு எழுந்துவிடுவார்கள். ஒரு பூச்சிகூட வெளியே போனதில்லை என்று சொன்னால் எவன் கேட்கிறான்?

என் ஒரே மகள் செல்லக்கிளியைத் திருச்சுழியில் கட்டிக்கொடுத்திருந்தேன். தலைப்பிரசவத்துக்குக்கூட என் வீட்டுக்கு அனுப்பவில்லை. பேரன் பிறந்து மூன்று மாதம் கழித்துத்தான் வந்து பார்க்கச் சொல்லிக் கார்டு வந்தது. அருப்புக்கோட்டையில் புது வேட்டி, துண்டு வாங்கி, கடையிலேயே உடுத்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

பேரனை மடியில் வாங்கியதும் அழுதுவிட்டேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, பிள்ளை வீறிட்டது. துணியை விலக்கினால், தொடையில் வரிசையாய் மூன்று தடிப்பு.

சம்பந்தியம்மா ஒச்சம்மாள் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார். “இதுக்குத்தாண்ணே பயந்தேன். கொண்டாந்துட்டீகளே!”

மூட்டைப்பூச்சிக் கடிதான். ஆனால் கடித்து ஒரு ராத்திரி ஆன தடிப்பு. என் காலில் தினமும் பார்ப்பவனுக்குத் தெரியாதா? பிள்ளை கிடந்த கட்டிலைப் பார்த்தேன். கட்டில்கால் சட்டத்தோடு பொருந்தும் இடத்தில் கறுப்புப் புள்ளிகள், உரித்துப்போட்ட தோல்கள். பல மாதக் குடித்தனம். ஆத்திரத்தோடு வாயைத் திறந்தேன்.

ஒச்சம்மாளின் முதுகுக்குப் பின்னால் நின்று செல்லக்கிளி, சொல்ல வேண்டாம் என்று தலையசைத்தாள். அந்த வீட்டில் கட்டிலைத் தட்டி வெயிலில் போடுவது அவள் வேலை.

“எங்கிட்டயிருந்துதான் வந்திருக்கும், தங்கச்சி” என்றேன்.

வாசல் வரை மகள் மட்டும் வந்தாள். “நேத்து ராத்திரியே கடிச்சிருச்சுப்பா. ஏசுவாகளேன்னு மூடி வச்சிருந்தேன்.”

“அதனாலென்ன தாயி.”

“கொஞ்ச நாளைக்கு வராதீகப்பா.”

“எம்புட்டு நாளு?”

உள்ளேயிருந்து ஒச்சம்மாள் கூப்பிட்டார். மகள் உள்ளே ஓடிவிட்டாள்.

பஸ் மறவர்பெருங்குடி தாண்டிய பிறகுதான், பேரனுக்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்கவேயில்லை என்பது உறைத்தது.